ஃபேனைக் கழற்றிய கணினி: என் அனுபவம்

நான் ஒலிப்புத்தகங்களுக்குக் குரல் கொடுப்பவள். மைக்கும் கணினியும் ஒரே மேசையில்தான் இருக்கின்றன. பதிவைப் போட்டுக் கேட்டால் சொற்களுக்கு நடுவே ஒரு மெல்லிய இரைச்சல் ஓடிக்கொண்டே இருக்கும். பிராசஸர் ஃபேன்தான் காரணம். அதைக் கழற்றியே தீருவது என்று, நாக்டுவா நிறுவனம் 2021-இல் வெளியிட்ட என்ஹெச்-பி1 ஹீட்சிங்கை (பிராசஸரின் வெப்பத்தை வாங்கிக் காற்றில் விடும் உலோகப் பாகம்) வாங்கினேன். ஃபேன் இல்லாமல் இயங்குவதற்கென்றே செய்தது. வெப்பத்தைத் தகடுகளுக்குக் கடத்தும் ஆறு ஹீட் பைப், ஒரு கிலோவுக்கு மேல் எடை. தகடுகள் தடிமனாக, நன்றாக இடைவெளி விட்டு நிற்கும். சூடான காற்று தானாக மேலே எழும்ப அந்த இடைவெளி வேண்டும். தகடுகள் நெருக்கமாக உள்ள சாதாரண ஹீட்சிங்கில் வெறுமனே ஃபேனை மட்டும் கழற்றினால் இது நடக்காது.

மாட்டியதும் பத்து நிமிடம் சோதித்தேன். 62 டிகிரி. அவ்வளவு மகிழ்ச்சி! மறுநாள் ஒரு நீண்ட பதிவில் இரைச்சல் நீக்கும் வேலையை ஓடவிட்டேன். அரை மணி நேரத்தில் 95 டிகிரியைத் தொட்டு, வேகம் சரிந்துவிட்டது. அத்தனை உலோகமும் சூடேறவே நேரம் எடுக்கும் என்பது அப்போதுதான் புரிந்தது. முக்கால் மணி நேரமாவது ஓடவிடாமல் எந்த எண்ணையும் நம்பாதீர்கள்.

கோளாறு இரண்டு இடத்தில் இருந்தது. கணினிப் பெட்டியான கேஸின் மேல்பக்கம் முழுக்க மூடிய தகடு, வெப்பம் போக வழியே இல்லை. வலை போட்ட மேல்பக்கம் உள்ள கேஸுக்கு மாறினேன். அப்புறம், 65 வாட் என்று அச்சிட்டிருந்த என் ரைசன் பிராசஸர் உண்மையில் 88 வாட் வரை எடுத்துக்கொள்ளும். பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புகளை மாற்றும் இடம்), மின்சாரத்தைக் குறைவாக எடுக்கும் ஈகோ மோடுக்கு மாற்றினேன். இப்போது நீண்ட வேலையிலும் 84-ஐத் தாண்டுவதில்லை.

ஃபேன் போனதும் வேறொரு ஒலி காதில் விழுந்தது. மவுஸ் சக்கரத்தை உருட்டினால் உள்ளிருந்து ஒரு கீச்சொலி. மின்சுற்றிலுள்ள காயில்கள் அதிர்வதால் வருவது. மைக்கை ஓரடி தள்ளி வைத்தேன், பதிவில் இல்லை.

*

அக்கா, அந்த அரை மணி நேர ஏமாற்றம் எனக்கும் நடந்தது. நான் கடைசியில் 120 மிமீ ஃபேன் ஒன்றுக்கே திரும்பினேன், ஆனால் 450 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 450 சுற்று). சுழலும் வேகம் பாதியானால் இரைச்சல் ஏறக்குறைய 15 டெசிபல் குறையும். என்னைக் கேட்டால் காதை அறுப்பது ஃபேனின் ஒலி அல்ல, அது ஏறி இறங்குவதுதான். ஒரு இணையப் பக்கத்தைத் திறந்தாலே வெப்பம் ஒரு நொடி எகிறும், ஃபேனும் கூடவே சீறும். பயாஸில் 70 டிகிரி வரை ஒரே வேகம், அதற்கு மேலும் சில நொடி தாமதித்து ஏறும்படி வைத்தேன். சீறல் நின்றது.

*

தம்பி, நீங்கள் சொன்னதைப் படித்துவிட்டு கேஸின் பின்பக்கம் ஒரு ஃபேனை 400 ஆர்பிஎம்மில் ஓடவிட்டேன். அதே வேலை, ஒரு மணி நேரம்: 71 டிகிரி. கதவை மூடிக்கொண்டு ஐந்து நிமிட மௌனத்தைப் பதிவு செய்து ஹெட்ஃபோனில் கேட்டேன். ஃபேன் கேட்கவே இல்லை. அதை அப்படியே விட்டுவிட்டேன்.