ஏற்காட்டு மலைப்பாதையும் உரசும் டிஸ்க் பிரேக்கும்: நம் அனுபவங்கள்

அஸ்தம்பட்டியிலிருந்து:

அடிவாரத்தைத் தாண்டி ஏறத் தொடங்கிவிட்டால் சைக்கிளின் சின்னஞ்சிறு ஓசைகூடக் காதுக்குத் தப்பாது. வேகம் குறைவு, காற்றின் இரைச்சல் இல்லை, ஒரு பஸ் கடந்துபோனபின் அடுத்த வண்டி வரும்வரை காடு அமைதியாக இருக்கும். முன்சக்கரத்தில் 'ஷிங்... ஷிங்...' என்று ஒரு சுற்றுக்கு ஒருமுறை வரும் உரசல் அங்கேதான் தெளிவாகக் கேட்கும். சேலத்து ஐந்து ரோட்டு நெரிசலில் அது கேட்கவே கேட்காது. ஆகவே மலைதான் பிரேக்கைக் கெடுத்துவிட்டது என்று புதிதாக மவுண்டன் பைக் வாங்கியவர்கள் சொல்வதுண்டு. உரசல் பெரும்பாலும் முன்பே இருந்திருக்கும்.

என் சைக்கிளில் இந்த உரசல் பல காலமாக உண்டு. அதை அடியோடு ஒழிக்க நான் முயல்வதில்லை. பிரேக் பிடிப்பதற்காகச் சக்கரத்தோடு சுழலும் உலோகத் தகடுதான் ரோட்டார். புதிதில் அதன் தடிமன் பெரும்பாலும் 1.8 மில்லிமீட்டர்தான். 160 அல்லது 180 மில்லிமீட்டர் விட்டமுள்ள அந்தத் தகடு, அதை அழுத்திப் பிடிக்கும் இரண்டு உராய்வுக் கட்டைகளுக்கு, அதாவது பேடுகளுக்கு, நடுவே சுழல்கிறது. ஒவ்வொரு பக்கமும் உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் சிறு பகுதி மட்டுமே. தகடு இம்மி கோணினாலும் பேடைத் தொட்டுவிடும். அப்படி லேசாகத் தொட்டு விலகுவதால் மிதிப்பதில் பாரம் கூடாது, பிரேக்கும் கெடாது. சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுழற்றிப் பாருங்கள். நெடுநேரம் சுழன்று தானாக ஓய்ந்தால் கவலையில்லை. இரண்டு மூன்று சுற்றில் நின்றுவிட்டால் அது வேறு விஷயம். அந்தச் சைக்கிளோடு மலை ஏறவும் வேண்டாம், அதைவிட முக்கியமாக இறங்கவும் வேண்டாம்.

உரசலைவிட, உரசல் போகவேண்டும் என்று செய்யப்படும் வைத்தியம்தான் எனக்கு அச்சம் தருகிறது. எங்களோடு வந்த ஓர் இளைஞர், கேபிளில் இயங்கும் டிஸ்க் பிரேக் வைத்திருந்தார். சத்தம் பொறுக்காமல் பேடுகளை நன்றாக விலக்கி வைத்துவிட்டார். ஏறும்போது சைக்கிள் மௌனமாக வந்தது, அவருக்கும் மகிழ்ச்சி. இறக்கத்தில் ஒரு கொண்டை ஊசி வளைவுக்கு முன் முன்பிரேக்கைப் பிடித்தபோது லீவர் கைப்பிடியைத் தொட்டு நின்றது, சக்கரம் நிற்கவில்லை. பின்பிரேக்கை அழுத்தி, மலைப்பக்கத்து மண்மேட்டில் ஒதுங்கி நிறுத்தினார். எதிரே பஸ் வராதது அவருடைய நல்ல நேரம்.

நம் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஏற்காடு கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம், சேலம் 300 மீட்டருக்கும் குறைவு. ஆளும் சைக்கிளுமாக 85 கிலோ என்று வைத்துக்கொண்டால், 1,100 மீட்டர் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் 9 லட்சம் ஜூலுக்கும் அதிகம். மூன்று லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும். ஒரு பகுதியைக் காற்று வாங்கிக்கொள்ளும். மிச்சத்தில் பெரும்பகுதி அந்த மெல்லிய தகடுகளிலும் பேடுகளிலும்தான் சூடாக இறங்குகிறது. அத்தனை வேலை செய்யும் பாகத்திடம் சத்தமே வரக்கூடாது என்று நான் கேட்கமாட்டேன். லீவர் கைப்பிடியிலிருந்து போதிய தூரத்திலேயே கெட்டியாக நிற்கிறதா என்றுதான் பார்ப்பேன்.

உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள். குறிப்பாக, எந்த உரசலோடு ஓட்டலாம், எதனோடு ஓட்டக்கூடாது என்று எப்படிக் கண்டுகொள்கிறீர்கள்?

ஏற்காட்டிலிருந்து:

வணக்கம் அண்ணா. நான் மேலேயே காபித் தோட்டத்தில் வேலை செய்கிறேன். தோட்டத்துக்குள் மண்பாதை, வெளியே சுற்றுச்சாலை, இரண்டிலும் இதே சைக்கிள்தான். இங்கே மழையும் மூடுபனியும் சேர்ந்த நாட்களில் உரசாத டிஸ்க் பிரேக்கை நான் கண்டதில்லை. செம்மண் குழம்பு, பேடுகளைத் தாங்கும் காலிப்பருக்குள் புகுந்து கரகரக்கும். தண்ணீர் பாட்டிலிலிருந்து கொஞ்சம் ஊற்றி, சக்கரத்தை உருட்டி, நான்கைந்து முறை பிரேக் பிடித்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். சில்வர் ஓக் சருகின் காம்பு ஒன்று பேடுக்குப் பக்கத்தில் சிக்கிக்கொண்டு, பிரேக்கே போய்விட்டதோ என்று திகைக்க வைத்ததும் உண்டு.

இறக்கத்தில் மட்டும் வரும் உரசல் வேறு வகை. குப்பனூர் வழியாக இறங்கும்போது பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே போனால் ரோட்டார் சூட்டில் கோணும். லீவரை விட்டபின்னும் 'கிர்' என்று தேய்த்துக்கொண்டே வரும். ஓரமாக நிறுத்திப் பத்து நிமிடம் ஆறவிட்டால் தகடு பழைய நிலைக்கு வந்து சத்தமும் நின்றுவிடும். ஆறியபின்னும் நிற்காவிட்டால் தகடு நிரந்தரமாகக் கோணியிருக்கலாம். வளைவுக்கு முன் நேர்ப்பாதையில் அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவு முடிந்ததும் முழுவதுமாக விட்டுவிடுங்கள். தகட்டுக்குக் காற்று கிடைக்கும். இன்னொன்று: இறங்கி நின்றதும் ரோட்டாரை விரலால் தொடவேண்டாம். தோல் வெந்துவிடும்.

செவ்வாய்ப்பேட்டையிலிருந்து:

சைக்கிள் பழுதுபார்ப்பது என் தொழில். அஸ்தம்பட்டி தம்பி எழுதியதை அப்படியே ஏற்கிறேன். ஆனால் சகித்துக்கொள்வதற்கு முன், ஏன் உரசுகிறது என்று ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும் என்பது என் கட்சி.

சத்தம் வரும் விதமே பாதி விடை சொல்லிவிடும். சுற்றுக்கு ஒருமுறை வந்தால் ரோட்டாரில் கோட்டம். விடாமல் வந்தால் காலிப்பர் ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கிறது, அல்லது பேடைத் தள்ளும் பிஸ்டன் பின்வாங்கவில்லை. எழுந்து நின்று மிதிக்கும்போதோ வளைவில் சாயும்போதோ மட்டும் வந்தால் சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்பின் பேரிங்கையும், அதன் அச்சான ஆக்ஸிலையும் பாருங்கள். கடைக்கு வருகிற பல சைக்கிள்களில் பிரேக்கைத் தொடவே தேவையிருக்காது. பஞ்சர் ஒட்டிய இடத்தில் சக்கரத்தைக் கோணலாக மாட்டியிருப்பார்கள். சைக்கிளைத் தரையில் நேராக நிறுத்தி, சக்கரத்தை இறுக்கிப் பிடிக்கும் குயிக் ரிலீஸைத் தளர்த்தி, சக்கரம் தானாக அமர்ந்தபின் மறுபடி இறுக்கினால் தீர்ந்தது.

காலிப்பரை நடுவில் நிறுத்த, அதன் இரண்டு போல்ட்டுகளையும் ஆலன் கீயால் அசையும் அளவுக்குத் தளர்த்தி, லீவரை அழுத்திப் பிடித்தபடி இரண்டையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்க வேண்டும். ஒன்றை ஒரேயடியாக முடுக்கினால் போல்ட்டின் தலையே காலிப்பரைத் திருப்பிவிடும். இறுதி முடுக்கு 6 முதல் 8 நியூட்டன் மீட்டர்வரை. இப்படியும் சரிவராவிட்டால் காலிப்பருக்குப் பின்னால் வெள்ளைத் தாளைப் பிடித்து, இரு பக்கமும் வெளிச்சக் கீற்று தெரியும்படி கையால் நகர்த்தி முடுக்குவேன். பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

கேபிள் பிரேக்கில் பல மாடல்களில் ஒரு பேட் மட்டுமே நகரும். மறுபக்கப் பேட் அசையாது. ரோட்டார்தான் வளைந்து அதன்மேல் போய் அமரும். ஆகவே அசையாத பேடை ரோட்டாருக்கு மிக அருகில் வைத்தாக வேண்டும். அங்கே லேசான உரசல் இயல்பு. அதைப் போக்கப் போய்த்தான் அந்த இளைஞர் பிரேக்கையே இழந்திருக்கிறார்.

எண்ணெயில் இயங்கும் பிரேக்கில் பிஸ்டனைச் சுற்றி ஒரு சதுர விளிம்பு ரப்பர் வளையம் இருக்கிறது. பிரேக் பிடிக்கும்போது அது முறுக்கிக்கொள்ளும், விட்டதும் பிஸ்டனைப் பின்னுக்கு இழுத்துக்கொள்ளும். தூசி படிந்து பிஸ்டன் இறுகிவிட்டால் அந்த இழுப்பு போதாது. செட்டிச்சாவடிப் பக்கம், மேக்னசைட் சுரங்கங்களை ஒட்டி ஓட்டுகிறவர்களின் காலிப்பரில் வெள்ளைப் பொடி அப்பியிருப்பதை நிறையப் பார்க்கிறேன். பேடைக் கழற்றி, பிஸ்டனைச் சுற்றித் துடைத்து, மெதுவாக உள்ளே தள்ளி மறுபடி வெளியே வரச்செய்தால் வழிக்கு வரும். பேட் தேய்ந்திருக்கும் நேரத்தில் எண்ணெயை நிரப்பிவிட்டுப் பிறகு புதுப் பேட் போட்டாலும் பிஸ்டன் பின்வாங்க இடமிருக்காது. அதுவும் விடாத உரசல்தான். மினரல் ஆயில் கேட்கும் பிரேக்கில் டாட் (DOT) என்னும் வேறு வகைப் பிரேக் திரவத்தை ஊற்றினாலோ ரப்பர்களே பாழாகிவிடும்.

கோட்டம் எடுக்க, எண்ணெய்ப் பிசுக்கில்லாத ஸ்பேனரால் உரசும் இடத்தைப் பிடித்துத் துளித் துளியாக வளைக்க வேண்டும். அதிகம் வளைத்துவிட்டு எதிர்ப்பக்கம் திருப்பினால் தகடு அலையலையாகிவிடும்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். சத்தம் வருகிறதென்று ரோட்டாரில் எண்ணெய் விடாதீர்கள். செயினுக்கு அடிக்கும் ஸ்ப்ரே பட்டாலே போதும், பேட் எண்ணெயைக் குடித்துவிடும். பிரேக் பிடிக்காது, பிடித்தாலும் அலறும். ரோட்டாரை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைக்கலாம். பேடைப் பெரும்பாலும் மாற்றத்தான் வேண்டும்.

சூரமங்கலத்திலிருந்து:

எங்களுடையது குடும்பமாகக் காரில் மேலே போய், சுற்றுச்சாலையில் மட்டும் ஓட்டும் வழக்கம். சக்கரத்தைக் கழற்றிக் காரில் வைத்திருந்தபோது என் அக்கா மகன் விளையாட்டாகப் பிரேக் லீவரை அழுத்திக்கொண்டே வந்தான். நடுவில் தகடு இல்லாததால் பேடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. மேலே போய்ச் சக்கரத்தை மாட்டவே முடியவில்லை. டயர் கழற்றும் லீவரின் தட்டை முனையால் பேடுகளை விலக்கினோம். அன்று முழுவதும் உரசியது, வீட்டுக்கு வந்து பிஸ்டனைச் சரியாக உள்ளே தள்ளியதும் நின்றது. இப்போது சக்கரத்தைக் கழற்றியதும் மடித்த அட்டையொன்றைப் பேடுகளுக்கு நடுவே செருகிவிடுகிறோம். புது சைக்கிளோடு வரும் பிளாஸ்டிக் துண்டும் இதற்குத்தான், தூக்கி எறியாதீர்கள்.

அஸ்தம்பட்டியிலிருந்து:

செவ்வாய்ப்பேட்டை ஐயாவுக்கு மிக்க நன்றி. எழுந்து நின்று மிதிக்கும்போது என் பின்சக்கரத்திலும் ஒரு தேய்ப்பு வருகிறது. நீங்கள் சொன்னபடி ஹப்பைச் சோதிக்கச் சக்கரத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்தேன். ஹப்பில் மெல்லிய ஆட்டம் தெரிகிறது. பேரிங்கைப் பார்த்துச் சரிசெய்தபிறகுதான் அடுத்த முறை மலைக்கு. ரோட்டாரையும் அளந்துவிட்டேன், 1.6 மில்லிமீட்டர் இருக்கிறது. என் பிரேக்கைச் செய்த நிறுவனம் 1.5-க்கு வந்தால் மாற்றச் சொல்கிறது. தகட்டில் கடைசி அளவு பெரும்பாலும் பொறித்திருக்கும், மற்றவர்களும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பேடின் உராய்வுப் பகுதி அரை மில்லிமீட்டருக்குத் தேய்ந்துவிட்டால், சத்தம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மாற்றிவிட வேண்டும்.