நல்லா வறுத்த ஊலாங் டீ: கைவான்ல போட்டா கரி வாசம்தான் வருது, எதை மாத்தணும்?

தேயிலைப்பித்தன்:
சிங்கப்பூர்ல இருக்கேன். ஊலாங்ல (பச்சை டீக்கும் கருப்பு டீக்கும் நடுவுல வர்ற வகை) இதுவரைக்கும் தைவான் அலிஷான் மாதிரி அதிகம் வறுக்காத பச்சை ஊலாங்தான் குடிச்சிட்டு இருந்தேன், 100 மில்லி பீங்கான் கைவான் (மூடி போட்ட சின்னக் கிண்ணம்), 5 கிராம் இலை, 90 டிகிரி தண்ணி, ஒரு நிமிஷம். பக்குத்தே (பன்றி எலும்பு சூப்) கடையில சாப்பாட்டோட குடுத்த தியேகுவான்யின்ங்கற சீன ஊலாங் ரொம்ப பிடிச்சுப்போய் அதே மாதிரி நல்லா வறுத்தது ஒரு டப்பா வாங்கினேன். வீட்ல போட்டா மேலாக கரி வாசம், உள்ள ஒண்ணுமே இல்ல. ரெண்டு நிமிஷம் விட்டா கசக்குது. குடிச்சு முடிச்சப்புறம் தொண்டையில நிக்குமே ஒரு இனிப்பு, அது வரவே மாட்டேங்குது. யிஷிங் டீபாட் (சீனக் களிமண் டீபாட்) வாங்கினா சரியாகுமா?

கொதிநீர்:
டீபாட் அப்புறம் பாத்துக்கலாம், முதல்ல தண்ணிய மாத்துங்க. 90 டிகிரி பச்சை ஊலாங்குக்கு ஓகே, ஏன்னா அதுல பூ வாசம் சூடு ஏறினா போயிடும். வறுத்த இலைக்கு அந்த பயமே வேணாம், தளதளன்னு கொதிக்கிற தண்ணிய அப்படியே ஊத்துங்க, சூடு பத்தலன்னா உருண்டையா சுருட்டின இலை உள்வரைக்கும் விரியாது, மேல ஒட்டியிருக்குற கருகல் மட்டும் இறங்கும், உங்களுக்கு நடக்குறது அதுதான். கைவானையும் வெந்நீர் ஊத்தி சூடாக்கிட்டு 7 கிராம் போடுங்க, முதல் தண்ணி அஞ்சு செகண்ட்ல கொட்டிடுங்க, அதோட கரி வாசம் பாதி போயிடும். அப்புறம் அதே இலைல திரும்பத் திரும்ப தண்ணி ஊத்தி வடிங்க, முதல்ல 15 செகண்ட், அடுத்தது 10, அதுக்கப்புறம் கொஞ்சம் கொஞ்சமா கூட்டுங்க. இலை நிறைய, நேரம் கம்மி, இதுதான் கணக்கு. சீனாவோட வூயி மலை டீன்னா இன்னும் வேகமா வடிக்கணும், அது உருட்டாத நீள இலை, சாரம் உடனே இறங்கிடும்.

செம்மண்:
தண்ணி பத்தி சொன்னது சரி, ஆனா டீபாட்ட அப்படி ஒதுக்க முடியாது ப்ரோ. சீனாவுல சாவ்சோவ் ஊர்ல காலங்காலமா சின்ன செம்மண் பாட்லதான் போடுறாங்க. களிமண் சூட்ட பிடிச்சு வைக்கும், வறுவலோட கூர்மைய மழுக்கும், வாய்ல டீ கெட்டியா தெரியும். பீங்கான் அப்படி எதையும் மறைக்காது. 100 மில்லிக்கு மேல போகாதீங்க, மூக்கு வேகமா ஊத்தணும், பத்து செகண்ட்ல வடிக்க வேண்டியது முப்பது செகண்ட் இழுத்தா எவ்ளோ நல்ல மண்ணா இருந்தாலும் கசக்கும். அந்த பாட்ல பச்சை ஊலாங் போடவே போடாதீங்க, வாசத்த மண்ணு குடிச்சிடும்.

மழைவாசி:
டப்பா எப்போ வறுத்ததுன்னு கேட்டீங்களா? புதுசா வறுத்ததுல நெருப்பு வாசம் தூக்கலா இருக்கும், அடங்க சில மாசம் ஆகும். வூயில வசந்தத்துல பறிச்சத கோடை முழுக்க விட்டு விட்டு வறுத்து, அப்புறமும் ஆறப்போட்டுத்தான் குடிப்பாங்க. ஆனா சிங்கப்பூர் ஈரத்துல டப்பாவ திறந்து மட்டும் வைக்காதீங்க, வறுத்த இலை ஈரத்த இழுத்து புளிச்சுப்போகும். குடிக்கிற அளவு ஒரு சின்ன டப்பாவுல, மீதி காத்துப்புகாம.

தேயிலைப்பித்தன்:
கொதிக்கிற தண்ணி, 7 கிராம், சூடான கைவான், இப்பதான் போட்டேன். மூணாவது தடவைல அந்த இனிப்பு வந்துடுச்சு!! ரொம்ப நன்றி. ஆறாவதுல சப்புன்னு ஆயிடுது, அவ்ளோதானா?

கொதிநீர்:
இல்ல, அங்க ஒரு நிமிஷம் விடுங்க, அடுத்தது ரெண்டு நிமிஷம். ஒவ்வொரு தடவையும் கெட்டில திரும்ப கொதிக்க வைங்க, கடைசில தண்ணி ஆறிப்போறதாலதான் பாதி பேருக்கு டீ சீக்கிரம் முடிஞ்சிடுது.