கற்பிட்டியில் குழுவாக டவுன்விண்டர் போகிறவர்களுக்கு: கடைசியில் வருபவரை வைத்துத் திட்டம் போடுங்கள்

சோழகம் (தென்மேற்குக் காற்று) எழும்பியதும், பட்டம் இழுக்கப் பலகையில் நின்று கடலில் ஓடும் கைட்டில் ஆலங்குடாவிலிருந்து வடக்கே குடாவ வரை போக எத்தனை பேரைச் சேர்க்கலாம் என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். ஆட்களின் எண்ணிக்கையைவிட அவர்கள் போகும் வரிசை முக்கியம். டவுன்விண்டர் என்றால் காற்று தள்ளுகிற பக்கமே போகும் பயணம். 500 மீட்டர் முன்னால் போய்விட்ட ஒருவர் பின்னால் விழுந்தவரிடம் திரும்பி வர வேண்டுமென்றால், நன்றாக ஓட்டத் தெரிந்தவராக இருந்தாலும் ஒன்றரைக் கிலோமீட்டராவது குறுக்கும் மறுக்கும் ஓடி ஏற வேண்டும். சுமாராக ஓட்டுபவரால் அது முடியவே முடியாது.

ஆகவே குழுவிலேயே திறமையானவர் கடைசியில் வர வேண்டும். கரை தெரிந்தவர் முன்னால் போகட்டும். நடுவில் நான்கு பேருக்கு மேல் வேண்டாம். அவர்களும் இரண்டிரண்டு பேராக. கடைசியில் வருபவருக்கு ஒரே வேலைதான்: தண்ணீரில் கிடக்கும் யாரையும் தாண்டிப் போகாமல் இருப்பது. முன்னால் போகிறவர் ஏறக்குறைய 2 கிலோமீட்டருக்கு ஒருமுறை அதே இடத்தில் குறுக்கே ஓடிக்கொண்டு வானத்தில் எத்தனை கைட் நிற்கிறது என்று எண்ண வேண்டும். ஒன்று குறைந்தாலும் எல்லோரும் அங்கேயே நிற்பது என்று கரையிலேயே பேசி முடித்துவிடுங்கள்.

காற்றைப் பற்றி: மே நடுப்பகுதியிலிருந்து செப்டெம்பர் வரை இங்கே தென்மேற்குக் காற்று. கடலைப் பார்த்து நின்றால் இடது கன்னத்தில் படும். அந்தச் சாய்வுதான் நல்லது. ஏதாவது நடந்தாலும் ஆளைக் கரைக்குத்தான் கொண்டு வந்து சேர்க்கும். நேரே முகத்தில் அடித்தால் கரையோரம் உடைகிற அலைக்குள் தள்ளிவிடும். முதுகில், அதாவது தரையிலிருந்து கடலுக்கு வீசினால் அன்றைக்குக் கைட்டை விரிக்கவே கூடாது. தொடங்கும் இடம் நுரைச்சோலை அனல்மின் நிலையத்துக்கு வடக்கே இருக்கட்டும். அதற்குத் தெற்கே இறங்கினால் காற்று உங்களை நிலக்கரி இறக்கும் பாலத்தை நோக்கித் தள்ளும்.

நேரம்: சூரியன் சுமார் 6.30க்கு மறையும். 1.30க்குள் எல்லோரும் தண்ணீரில், 4.30க்குள் கடைசி ஆள் மணலில். வழியில் ஒன்றும் நடக்காவிட்டால் ஒன்றரை மணி நேரம் போதும். மிச்ச நேரம், ஏதாவது நடந்தால் சமாளிப்பதற்கு. அதை ஊர் சுற்றிப் பார்க்கவும் படம் எடுக்கவும் செலவழிக்காதீர்கள்.

*

வரிசையைப் பற்றி மேலே எழுதியவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. கைட்டின் அளவைப் பற்றி நான் சேர்க்கிறேன், இதில்தான் பலர் தவறு செய்கிறார்கள்.

காற்றோடு சேர்ந்து ஓடும்போது கைட்டுக்குக் கிடைக்கிற காற்று குறைந்துவிடும். 22 நொட் (மணிக்குச் சுமார் 40 கிலோமீட்டர்) வீசும்போதும் இழுவை 15 நொட் மாதிரிதான் தெரியும். அதை நம்பிப் பெரிய கைட் எடுத்தால், நண்பருக்கு உதவ எதிர்க்காற்றில் திரும்பிய நொடியிலேயே முழு 22ம் ஆளைத் தூக்கும். 75 கிலோ எடையுள்ளவர் ட்வின் டிப் (இரு முனையும் ஒரே மாதிரியான) போர்டில் 20–22 நொட்டுக்கு 9 சதுர மீட்டர், 25ஐத் தாண்டினால் 7. எதிர்க்காற்றில் ஏற முடிகிற அளவுதான் சரியான அளவு.

அடுத்தது லைன், அதாவது நீங்கள் பிடிக்கும் கம்பியான பாரைக் கைட்டோடு இணைக்கும் நூல், தளர்வது. அலையின் முதுகில் நேரே கீழே இறங்கினால் நீங்கள் கைட்டை எட்டிப் பிடித்துவிடுவீர்கள், லைன் தொய்ந்துவிடும். தொய்ந்த லைன் பாரின் நுனியில் சுற்றிக்கொண்டால், மறுபடி காற்றுப் பிடிக்கும்போது கைட் சுழன்று சுழன்று இழுக்கும். நேரே போகாமல் பாம்பு நெளிவதுபோல் வளைந்து வளைந்து போங்கள். சுற்றிக்கொண்டால் ஒரு சுழற்சிகூடப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், குவிக் ரிலீஸை (கைட்டின் இழுவையை உடனே விடுவிக்கும் பூட்டை) தள்ளிவிடுங்கள். அந்த ரிலீஸில் மணல் இறுகியிருக்கும். புறப்படுமுன் கரையிலேயே ஒருமுறை திறந்து, நல்ல தண்ணீரில் கழுவிப் பூட்டுங்கள்.

இன்னொன்று: கைட்டுக்குக் காற்றடித்த பிறகு, அதன் முன்விளிம்பிலுள்ள முன்குழாயிலிருந்து ஸ்ட்ரட்டுகளுக்கு (குறுக்கே இருக்கும் காற்றுக் குழாய்களுக்கு) போகும் குழாய்களின் கிளிப்புகளை மூடிவிடுங்கள். வழியில் முன்குழாய் வெடித்தாலும் ஸ்ட்ரட்டுகளில் காற்று நிற்கும், மிதக்கப் பிடிமானம் இருக்கும்.

*

படகுப் பக்கமிருந்து எழுதுகிறேன். ஆறு பேருக்கு ஒரு வள்ளம் கட்டாயம். அதைவிடக் கட்டாயம், ஓட்டுகிறவருக்குக் கைட் லைன் என்றால் என்னவென்று முன்கூட்டியே காட்டுவது. மீன்பிடியில் ஊறியவருக்குக் கடல் தெரியும். ஆனால் 24 மீட்டர் நீளத்தில் தண்ணீருக்கு மேல் கண்ணுக்கே தெரியாத நான்கு நூல்கள் கிடக்கும் என்பது தெரிந்திருக்காது. முதல்நாளே பார், லைன், கைட் மூன்றையும் மணலில் விரித்து, “இந்த இடைவெளிக்குள் வள்ளம் வரவே கூடாது, அண்ணா” என்று நடந்து காட்டுங்கள்.

விழுந்தவரின் காற்று வரும் பக்கமாகத்தான் கிட்ட வர வேண்டும். கைட்டும் லைனும் அவருக்குக் காற்றுப் போகும் பக்கம்தான் கிடக்கும். நேர் மேலே வந்தால் வள்ளம் அவர்மேல் ஒதுங்கும். அதனால் கொஞ்சம் பக்கவாட்டில் நின்று, இஞ்சினை அணைத்து, 15 மீட்டர் மிதக்கும் கயிறை எறியுங்கள். பாரில் லைன் சுற்றி முடியும்வரை, கைட் காற்றிறக்கி உள்ளே வரும்வரை இஞ்சினைத் தொடவே கூடாது. இஞ்சினின் புரொப்பெல்லரில் லைன் சுற்றிவிட்டால் இஞ்சின் போய்விடும், காப்பாற்ற வந்த வள்ளமே அலையில் மாட்டிக்கொள்ளும்.

*

“படகு வர 20 நிமிடம் ஆனால் என்ன செய்வது?” என்று கேட்டவருக்கு:

ரிலீஸைத் தள்ளுங்கள். கைட் ஒற்றை லைனில் கொடிபோல் விழும். அந்தப் பாதுகாப்பு லைனை மட்டும் கை மாற்றிக் கை மாற்றி இழுத்துப் பாருக்குப் போங்கள். முதலில் அந்த ஒரு லைனைத்தான் பாரில் சுற்ற வேண்டும், 6–8 மீட்டராவது. அது மற்றவற்றைவிடக் குட்டையாக இருந்தால்தான் கைட் மறுபடி காற்றுப் பிடிக்காது. அதன் மேல் இரண்டு மூன்று முடிச்சுப் போட்டுப் பூட்டிய பிறகு, மீதி லைன்களை எல்லாம் சேர்த்துச் சுற்றிக்கொண்டே கைட் வரை போங்கள். அவசரத்தில் நான்கையும் ஒன்றாகச் சுற்றுவதுதான் அடிக்கடி நடக்கிற பிழை; விரல்களில் லைன் சுற்றி வெட்டுவது அப்போதுதான். கைட்டை அடைந்ததும் அதன்மேல் படுத்து ஒரு நுனியை இழுத்துப் பிடித்தால் பாய்போல் உங்களைக் கரைக்குக் கொண்டுபோகும். இதை ஆழமற்ற களப்பில் ஒருமுறை செய்து காட்டாதவரை கடலுக்குக் கூட்டிப் போகாதீர்கள், எவ்வளவு நெருங்கிய நண்பர் என்றாலும்.

*

கரையைப் பற்றி யாரும் எழுதவில்லை. கரைவலை இழுக்கும் நேரத்தில், மணலிலிருந்து நூற்றுக்கணக்கான மீட்டர் தூரம் கடலுக்குள் கயிறு போயிருக்கும். கரையில் வரிசையாக ஆட்கள் நின்று இழுத்தால் அங்கே கயிறு இருக்கிறது என்று அர்த்தம். வலைக்கு வெளியே சுற்றிப் போங்கள். அது அவர்களுடைய அன்றைய சோறு. கருவாடு காயும் இடத்திலும் மீனவர் வாடிகளுக்கு முன்னாலும் கைட் இறக்க வேண்டாம்.

இறங்கக்கூடிய இடங்களை 3–4 கிலோமீட்டருக்கு ஒன்றாக முதல்நாளே ஓட்டோவில் போய்ப் பார்த்து, ஜிபிஎஸ் புள்ளியை எல்லோருடைய போனிலும் ஏற்றுங்கள். வாகனம் மணல் வரை வருமா, காற்றுப் போகும் பக்கம் 50 மீட்டர் வெட்டவெளி இருக்கிறதா, சவுக்கு மரமோ மின்கம்பியோ நிற்கிறதா என்று பாருங்கள். ஓட்டோக்காரரிடம் பெயர்ப் பட்டியலைக் கொடுங்கள். 4.30க்கு ஆள் குறைந்தால் யாரை அழைப்பது என்றும் அதிலேயே எழுதுங்கள். காயமென்றால் 1990, அம்புலன்ஸ்.

குடாவவில் இறங்கும் மணல்திட்டில் ஒருவர் பளிச்சென்ற துணியோடு நிற்கட்டும். கடலிலிருந்து பார்த்தால் அந்தக் கரை முழுவதும் ஒரே மாதிரி இருக்கும். இறங்கும் இடத்தைத் தவறவிட்டு முனையையும் தாண்டிவிட்டால் கரை வலப்பக்கம் விலகிவிடும், பிறகு காற்று திறந்த நீருக்குத்தான் கொண்டுபோகும். முன்னால் வருபவர் இறங்கியதும் அந்தத் துணிக்குப் பக்கத்திலேயே நின்று, கடைசி ஆள் வரும்வரை ஒவ்வொருவராக எண்ணி இறக்க வேண்டும்.