இயற்கணிதத்தை அதன் வரலாற்று வழியே மீண்டும் கற்க முடியுமா?

கேள்வி – மீள்கற்பவர்

அனைவருக்கும் வணக்கம். பள்ளிப் படிப்பை முடித்து நெடுங்காலம் ஆன பிறகு, இயற்கணிதத்தை அடிப்படையிலிருந்து மீண்டும் படிக்க விரும்புகிறேன். சூத்திரங்களை மனப்பாடமாக வைத்திருந்ததால் அன்றைக்குத் தேர்வுகளில் விடை வந்துவிட்டது. ஆனால் இருபடிச் சமன்பாட்டின் சூத்திரம் எங்கிருந்து வந்தது, இரண்டு குறை எண்களைப் பெருக்கினால் மிகை எண் வருவது ஏன், எண்கள் இருக்க வேண்டிய இடத்தில் எழுத்துகளை வைக்க யாருக்கு முதலில் தோன்றியது என்று யாரேனும் கேட்டால், சொந்தமாகச் சொல்ல என்னிடம் விடை இல்லை.

இக்கருத்துகள் மனிதர்களுக்கு எந்த வரிசையில் தோன்றினவோ அதே வரிசையில் படித்தால், காரணங்களும் சேர்ந்தே விளங்கும் என்று எண்ணுகிறேன். இது நடைமுறைக்கு ஒத்துவருமா? அல்லது வரலாறு வேறு, கணக்குப் பயிற்சி வேறு என்று பிரித்துக்கொள்வதுதான் நல்லதா? கற்பித்த அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1 – கணித ஆசிரியர்

வணக்கம். ஒத்துவரும் என்பதே என் கருத்து. குறிப்பாக, இருபடிச் சமன்பாட்டுக்கு வரலாற்று வழியைவிடத் தெளிவான வழி இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள பாபிலோனியக் களிமண் பலகை ஒன்று ஏறத்தாழ 3,800 ஆண்டுகளுக்கு முந்தையது. அதன் முதல் கணக்கு, ஒரு சதுரத்தின் பரப்பையும் அதன் பக்கத்தையும் கூட்டினால் முக்கால் வருகிறது, பக்கம் எவ்வளவு என்பதாகும். பலகை கூறும் வழி இதுதான்: ஒன்றை எடுத்துப் பாதியாக்கினால் அரை; அரையை அரையால் பெருக்கினால் கால்; காலை முக்காலோடு கூட்டினால் ஒன்று; அதன் வர்க்கமூலமும் ஒன்றே; அதிலிருந்து அரையைக் கழித்தால் அரை. ஆக, பக்கம் அரை. எழுத்துக் குறியீடு ஒன்றுகூட இல்லாமல், நாம் மனப்பாடம் செய்த சூத்திரத்தின் ஒவ்வொரு படியும் அங்கே இருக்கிறது. சூத்திரத்தை அருகில் வைத்துக்கொண்டு இந்த ஐந்து படிகளையும் ஒவ்வொன்றாகப் பொருத்திப் பாருங்கள்.

ஏன் பாதியாக்க வேண்டும், அந்தப் பாதியின் வர்க்கத்தை ஏன் கூட்ட வேண்டும் என்பதற்கு, 9ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பாக்தாத்தில் வாழ்ந்த அல்-குவாரிஸ்மியின் நூலில் தெளிவான விளக்கம் உண்டு. அவருடைய புகழ்பெற்ற எடுத்துக்காட்டை, தெரியாத எண்ணைத் ‘த’ என்று குறித்து, த² + 10த = 39 என எழுதலாம். ஒரு தாளில் பக்கம் ‘த’ உள்ள ஒரு சதுரத்தை வரையுங்கள். 10த என்பதை, நீளம் ‘த’, அகலம் 5 உள்ள இரண்டு செவ்வகங்களாகப் பிரித்து, ஒன்றைச் சதுரத்தின் வலப்புறத்திலும் மற்றொன்றை அதன் கீழேயும் ஒட்டுங்கள். இப்போது வலப்புறக் கீழ் மூலை மட்டும் வெறுமையாக இருக்கும். அந்த மூலை 5க்கு 5 அளவுள்ள சதுரம். அதன் பரப்பு 25. அதையும் சேர்த்துவிட்டால் முழு உருவமும் ஒரே பெரிய சதுரமாகிவிடும்; பரப்பு 39 + 25 = 64, பக்கம் 8. எனவே த + 5 = 8, த = 3.

வர்க்கப் பூர்த்தி என்று பாடநூல்கள் கூறுவது இந்த மூலையை நிரப்புவதைத்தான். 10க்குப் பதிலாக 6, 7, 1 என்று வெவ்வேறு எண்களை வைத்து இதே படத்தை வரைந்து பழகிய பின், எண்ணின் இடத்தில் ‘ப’ என்னும் எழுத்தை வைத்து ஒருமுறை செய்தால், சூத்திரம் உங்கள் கையாலேயே வந்துவிடும். அதற்கு முன் சூத்திரத்தைத் தொடவே வேண்டாம்.

த²-இன் முன்னால் கெழு ஒன்று நிற்கும்போது பின்னங்கள் வந்து தொல்லை கொடுக்கும். அதற்கு இந்தியக் கணித அறிஞர் ஸ்ரீதரர் கூறியதாக, அவருக்குப் பின் வந்த இரண்டாம் பாஸ்கரர் எடுத்துக்காட்டும் வழி மிக நேர்த்தியானது: முதல் கெழுவின் நான்கு மடங்கால் இருபுறத்தையும் பெருக்கி, நடுக்கெழுவின் வர்க்கத்தைக் கூட்ட வேண்டும். 3த² + 5த = 2 என்றால், 12ஆல் பெருக்க 36த² + 60த = 24; இருபுறமும் 25 கூட்ட இடப்பக்கம் (6த + 5)² ஆகவும் வலப்பக்கம் 49 ஆகவும் மாறும். ஒரு பின்னம்கூடக் குறுக்கிடாமல் 6த + 5 என்பது 7 அல்லது −7 என்று கிடைத்து, விடைகள் 1/3, −2 என முடிகின்றன.

மறுமொழி 2 – ஏட்டுச்சுவடி

மேலே ஆசிரியர் எழுதியதை முழுமனத்தோடு ஏற்கிறேன். ஆயினும், வரலாற்றை அப்படியே வரிசை பிசகாமல் பின்பற்றுவதில் ஓர் இடர் இருப்பதைச் சொல்லியாக வேண்டும்.

வரலாறு நேர்க்கோட்டில் செல்லவில்லை. இந்தியக் கணித அறிஞர் பிரம்மகுப்தர் 628இல் மிகை எண்களைச் செல்வமாகவும் குறை எண்களைக் கடனாகவும் கொண்டு, அவற்றைக் கூட்டவும் கழிக்கவும் பெருக்கவும் வகுக்கவும் விதிகள் எழுதிவிட்டார். ஆனால் அவருக்கு ஏறத்தாழ 200 ஆண்டுகளுக்குப் பின் எழுதிய அல்-குவாரிஸ்மி, குறை எண்ணைத் தனி எண்ணாக ஏற்காததால், நமக்கு ஒரே சமன்பாடாகத் தெரிவதை ஆறு வகைகளாகப் பிரிக்க வேண்டியிருந்தது. மேலே கண்ட த² + 10த = 39க்கு −13 என்ற மற்றொரு தீர்வு உண்டு; படத்தில் அது தென்படாது, அவரும் அதைக் கூறவில்லை. அலெக்சாந்திரியாவின் டயபாண்டஸும், குறை எண்ணே தீர்வாக வரும் சமன்பாட்டைப் பொருளற்றது என்று ஒதுக்கியவர். வரிசையை இம்மி பிசகாமல் பின்பற்றினால், அவர்கள் தயங்கிய இடங்களிலெல்லாம் நாமும் பல நூற்றாண்டுகள் தயங்கி நிற்க வேண்டியிருக்கும். ஆகவே படத்தை நுழைவாயிலாகக் கொள்ளுங்கள், அங்கேயே தங்கிவிடாதீர்கள்.

குறை எண்களின் பெருக்கல் பற்றிய உங்கள் கேள்விக்கும் அல்-குவாரிஸ்மியிடமே அழகான விடை இருக்கிறது. பத்தில் ஒன்று குறைந்ததைப் பத்தில் ஒன்று குறைந்ததால் பெருக்குவதை அவர் விளக்குகிறார். 9 × 9 = 81 என்பது முன்பே தெரியும். (10 − 1)(10 − 1) என்று விரித்தால் முதலில் 100, பிறகு ஒரு 10 குறைகிறது, இன்னொரு 10 குறைகிறது, மீதி 80. விடை 81 ஆக வேண்டுமென்றால், இரண்டு ‘குறை ஒன்று’களின் பெருக்கம் ஒன்றைக் கூட்டியே தீர வேண்டும். குறை எண்ணைத் தனித்து ஏற்காதவரே இந்த விதியின்றி நகர முடியவில்லை என்பதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்தது. அடைப்புக்குறிகளை உறுப்பு உறுப்பாகப் பெருக்கி விரிக்கும் பங்கீட்டு விதி குலையாமல் இருக்க வேண்டுமானால் வேறு வழியில்லை.

எழுத்துகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தெரியாத எண்ணுக்குக் குறிப்பெயர் வைப்பது பழைய வழக்கம். மேலே ஆசிரியர் குறிப்பிட்ட இரண்டாம் பாஸ்கரரின் 1150ஆம் ஆண்டைச் சேர்ந்த பீஜகணிதத்தில் கருப்பு, நீலம் என்று நிறங்களின் பெயர்களே பல தெரியாத எண்களைக் குறிக்கின்றன. பிரெஞ்சுக்காரரான வியட் 1591இல் செய்தது அதைவிடப் பெரிய காரியம்: தெரிந்த எண்களுக்கும் அவர் எழுத்துகளை வைத்தார். அதுவரை ஒவ்வொரு கணக்கும் ஓர் எடுத்துக்காட்டாகவே இருந்தது. அதன் பிறகுதான் ஒரு வகைக் கணக்குகள் அனைத்துக்கும் சேர்த்து ஒரே சூத்திரம் எழுத முடிந்தது. இன்றைய வழக்கத்துக்கு நெருக்கமான எழுத்துமுறை தெக்கார்த்தேயின் 1637ஆம் ஆண்டு நூலில் வருகிறது.

சமக்குறியை 1557இல் ராபர்ட் ரெக்கார்டு அறிமுகப்படுத்தினார். இதை வெறும் தகவலாகக் கடந்துவிடாதீர்கள். மீண்டும் கற்பவர்கள் முதலில் சரிபார்த்துக்கொள்ள வேண்டியது சமக்குறியைத்தான். 8 + 4 = □ + 5 என்று கொடுத்தால் பலர் கட்டத்துக்குள் 12 என்று எழுதுவார்கள், ஏனெனில் அந்தக் குறியை ‘விடை இதோ’ என்ற அறிவிப்பாகப் படித்துப் பழகியிருக்கிறார்கள். அது இருபுறமும் ஒரே மதிப்பு என்னும் கூற்று. இது மனத்தில் பதியாதவரை, இப்பக்கத்திலிருந்து அப்பக்கம் கொண்டுபோனால் குறி மாறும் என்ற விதி ஒரு மந்திரமாகவே இருக்கும்.

மீள்கற்பவர்

இருவருக்கும் மிக்க நன்றி. படத்தை வரைந்து பார்த்தேன். மூலைச் சதுரத்தைக் கண்டபோது சூத்திரத்தில் பாதியின் வர்க்கம் ஏன் வருகிறது என்பது ஐயமின்றி விளங்கியது. அடுத்த கேள்வி: இருபடிக்குப் பிறகு எங்கே செல்வது? குறை எண்ணின் வர்க்கமூலம் கலந்து வரும் சிக்கலெண்களைப் படிக்கும்போது, தீர்வே இல்லாத த² + 1 = 0 என்பதற்காக ஒரு புதிய எண்ணை ஏன் உருவாக்க வேண்டும், தீர்வு இல்லை என்று விட்டுவிடலாமே என்றுதான் தோன்றுகிறது.

மறுமொழி 3 – படிக்கட்டு

உங்கள் ஐயம் முற்றிலும் நியாயமானது. பழங்காலக் கணித அறிஞர்களும் விட்டுவிடவே செய்தார்கள். அவர்களை விடாமல் பிடித்தது இருபடிச் சமன்பாடு அன்று, முப்படிச் சமன்பாடு.

உமர் கய்யாம் முப்படிச் சமன்பாடுகளைக் கூம்பு வெட்டுகளின் துணையோடு வடிவியல் முறையில் தீர்த்தார். சூத்திரம் 16ஆம் நூற்றாண்டு இத்தாலியில்தான் கிடைத்தது. தெல் ஃபெரோ, தார்த்தாலியா ஆகியோரின் கண்டுபிடிப்புகளைக் கார்டானோ 1545இல் நூலாக வெளியிட்டார். அந்தச் சூத்திரத்தை த³ = 15த + 4 என்ற சமன்பாட்டில் பயன்படுத்தினால், −121இன் வர்க்கமூலம் வந்து நிற்கிறது. ஆனால் 4 என்பது தீர்வு என்பதை யாரும் நொடியில் சரிபார்க்கலாம்: இடப்பக்கம் 64, வலப்பக்கம் 60 + 4. ‘தீர்வு இல்லை’ என்று இங்கே தப்பித்துக்கொள்ள முடியாது.

1572இல் வெளியான தம் நூலில் பொம்பெல்லி துணிந்து கணக்கிட்டார். −1இன் வர்க்கமூலத்தை ‘இ’ என்று குறித்து, (2 + இ)³ என்பதை நீங்களே விரித்துப் பாருங்கள்: 8 + 12இ − 6 − இ, அதாவது 2 + 11இ. −121இன் வர்க்கமூலம் 11இ என்பதால், சூத்திரம் கூட்டச் சொல்லும் இரண்டு கனமூலங்களில் ஒன்று 2 + 11இ-இன் கனமூலம், மற்றொன்று 2 − 11இ-இன் கனமூலம். ஆகவே அவை 2 + இ, 2 − இ, கூட்டினால் 4. ‘இ’ உள்ள கற்பனைப் பகுதிகள் ஒன்றையொன்று நீக்கிவிட, மெய்யான விடை கையில் நிற்கிறது. இந்த ஒரு கணக்கைத் தாளில் செய்து முடிப்பது, சிக்கலெண்களின் வரையறையைப் பலமுறை படிப்பதைவிட மேலானது.

மற்ற இரண்டு தீர்வுகளையும் விட்டுவைக்க வேண்டாம். த³ − 15த − 4 என்ற பல்லுறுப்புக் கோவையை (த − 4)ஆல் வகுத்தால் ஈவு த² + 4த + 1. அதற்கு முதல் மறுமொழியில் உள்ள வர்க்கப் பூர்த்தியே போதும். −2 ± √3 என்று வரும்.

முப்படியைத் தொடர்ந்து நாற்படிக்கும் சூத்திரம் கிடைத்துவிட்டதால், ஐந்தாம் படிக்கும் ஏறக்குறைய மூன்று நூற்றாண்டுகள் தேடினார்கள். பொதுவான ஐம்படிச் சமன்பாட்டுக்கு, நான்கு அடிப்படைச் செயல்களையும் மூலம் எடுப்பதையும் மட்டும் கொண்ட சூத்திரம் இருக்கவே முடியாது என்று 1824இல் ஏபல் நிறுவினார். எந்தச் சமன்பாடுகளுக்கு முடியும், எவற்றுக்கு முடியாது என்பதை 20 வயதில் 1832இல் மறைந்த கால்வா விளக்கினார். அங்கேதான், தீர்வுகளை இடம் மாற்றும் வழிகளைத் தொகுத்து ஆராயும் குலம் (group) என்னும் கருத்து பிறக்கிறது. உங்களுக்கு அது இப்போது தேவையில்லை. பல்லுறுப்புக் கோவைகளின் வகுத்தல், மீதித் தேற்றம், தீர்வுகளுக்கும் கெழுக்களுக்கும் உள்ள தொடர்பு ஆகிய மூன்றும் கைக்கு வந்த பிறகு கால்வாவிடம் செல்லுங்கள், ஏனெனில் அவருடைய சிந்தனை முழுவதும் தீர்வுகளை இடம் மாற்றினால் கெழுக்கள் மாறுவதில்லை என்பதிலிருந்து தொடங்குகிறது; அதை 4, −2 + √3, −2 − √3 ஆகிய மூன்றையும் கூட்டியும், இரண்டிரண்டாகப் பெருக்கிக் கூட்டியும், மூன்றையும் பெருக்கியும் இன்றே சோதித்துப் பார்க்கலாம். எந்த வரிசையில் எடுத்தாலும் 0, −15, 4 என்று வரும்; குறியை விட்டுப் பார்த்தால் இவை த³ − 15த − 4-இன் கெழுக்களே.