புள்ளி அடித்தால் வண்டி நகர மறுக்கிறது: தாத்தாவின் தமிழ் டைப்ரைட்டர்

ஈசூன்காரன் எழுதியது:

வணக்கம். கை டைப்ரைட்டர் பழுது பார்த்த அனுபவம் உள்ளவர்கள் யாராவது இங்கே இருக்கிறீர்களா?

தாத்தா சிங்கப்பூர் சிராங்கூன் சாலைப் பக்கம் ஐந்தடியில் (கடைகளுக்கு முன்னால் உள்ள நடைபாதையில்) மேசை போட்டு, ஊருக்குக் கடிதமும் அலுவலகங்களுக்கு மனுவும் அடித்துக் கொடுத்தவர். அவர் போய் 20 வருடம் ஆகிறது. பாட்டியின் தோ பாயோ வீட்டைக் காலி செய்தபோது ஸ்டோர் ரூமில், பழைய சேலை சுற்றி, அவருடைய தமிழ் டைப்ரைட்டர் அப்படியே இருந்தது. பழைய சாமான் வாங்கும் காராங் குனிக்காரர் 5 வெள்ளி (டாலர்) தருகிறேன் என்றார். மனசு வரவில்லை. டாக்சியில் போட்டு ஈசூனுக்குக் கொண்டு வந்துவிட்டேன். தூக்கிப் பார்த்தால்தான் தெரிகிறது, நிச்சயம் 15 கிலோவுக்குக் குறையாது. முன்னால் இருந்த கம்பெனிப் பெயர் உரிந்து போய்விட்டது.

தூசி தட்டி, கிடைத்த இடத்தில் எல்லாம் தையல் மெஷின் எண்ணெய் விட்டேன். 13 மில்லிமீட்டர் ரிப்பன் இணையத்தில் வாங்கி, பழைய சுருளிலேயே சுற்றி மாட்டினேன். எழுத்து விழுகிறது. ஆனால் இரண்டு கோளாறு. ஒன்று, புள்ளியும் மேல்விலங்கும் (ி) அடித்தால் தாளில் பதிகிறது, வண்டி (தாளைப் பிடித்தபடி நகரும் மேல்பகுதி) மட்டும் இருந்த இடத்திலேயே நிற்கிறது. அடுத்து அடிக்கிற எழுத்து அதன் மேலேயே விழுகிறது. மற்ற கீ எல்லாம் ஒழுங்காக நகர்கின்றன. இன்னொன்று, வரியின் முதல் பாதி நன்றாக வருகிறது, கடைசிப் பக்கம் போகப் போக எழுத்துகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறிக்கொள்கின்றன. "வணக்கம்" என்று வரி முடிவில் அடித்தால் மூன்று எழுத்து இடத்தில் ஒரு கறுப்புக் கட்டிதான் மிச்சம்.

மோட்டார் கிடையாது, பேட்டரி கிடையாது, சரியாக ஒரு எழுத்து அகலம் மட்டும் எப்படி நகர்கிறது என்று தொடக்கநிலை நான்கு படிக்கிற மகன் கேட்டான். "கீயை அமுக்குகிற வேகத்தில் தள்ளிவிடும்" என்று சொல்லி வைத்திருக்கிறேன். அது சரிதானா என்பதையும் சொல்லிவிடுங்கள்.

பழைய மெக்கானிக் எழுதியது:

தம்பி, முதலில் மகனிடம் சொன்னதைத் திருத்துங்கள். கீ வண்டியைத் தள்ளுவதே இல்லை. வண்டி எப்போதும் இடது பக்கம் ஓடத் துடித்துக்கொண்டே இருக்கும். கீ அதன் பிடியை ஒரு பல் அளவுக்கு விட்டுக் கொடுக்கிறது, அவ்வளவுதான்.

மெஷினின் பின்பக்கம் போய்ப் பாருங்கள். நீங்கள் உட்கார்ந்து அடிக்கும்போது இடது கைப் பக்கமாக, பால் டின் மூடி மாதிரி ஒரு வட்டமான டப்பி இருக்கும். உள்ளே சுவர்க் கடிகாரத்தில் இருப்பது போன்ற சுருள்வில். அதிலிருந்து ஒரு பட்டையோ கயிறோ கிளம்பி, வண்டியின் வலது முனையில் மாட்டியிருக்கும். வரி முடிந்ததும் நெம்புகோலைப் பிடித்து வண்டியை வலப்பக்கம் தள்ளுகிறீர்கள் அல்லவா? அப்போது அந்த வில்லுக்குச் சாவி கொடுக்கிறீர்கள். பேட்டரி எங்கே என்று மகன் கேட்டால் உங்கள் இடது கையைக் காட்டுங்கள்.

வில் இழுக்கிறது, சரி. ஒரே ஓட்டமாக ஓடிவிடாமல் தடுப்பது எது? வண்டிக்கு அடியில் நீளமாக ஒரு பல் சட்டம். அது ஒரு சிறு பற்சக்கரத்தோடு கடித்துக்கொண்டிருக்கும். அந்தச் சக்கரத்தோடு சேர்ந்து சுற்றுகிற இன்னொரு சக்கரம், நட்சத்திரம் மாதிரிக் கூர்ப்பல் வைத்தது. இதன் பல்லுக்கு இடையில் இரண்டு நாக்கு. ஒன்று விறைப்பானது, மற்றது சிறு வில் வைத்து ஆடக்கூடியது. சும்மா இருக்கும்போது ஆடும் நாக்குதான் பல்லைத் தாங்கி நிற்கும். நீங்கள் ஒரு கீயைத் தட்டினால் எழுத்துக் கம்பி மேலே எழும்பி, தாளைத் தொடப் போகிற கடைசி நேரத்தில் தன் குதிகாலால் ஒரு வளைந்த சட்டத்தை இடிக்கும். எல்லாக் கம்பிக்கும் பொதுவான சட்டம் அது. அந்த இடியில் இரண்டு நாக்கும் சேர்ந்து ஒரு பக்கம் சாயும். ஆடும் நாக்கு விலக, விறைப்பு நாக்கு உள்ளே புகுந்து சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். விலகிய நாக்கு தன் வில்லின் பலத்தில் அடுத்த பல்லுக்கு எதிரே போய்த் தயாராக நிற்கும். நீங்கள் விரலை எடுத்ததும் நாக்குகள் பழைய பக்கத்துக்குச் சாயும். விறைப்பு நாக்கு வெளியே வரும், சக்கரம் ஒரு பல் சுற்றி ஆடும் நாக்கில் வந்து மோதி நிற்கும். டைப் அடிக்கும்போது 'டக் டக்' என்று கேட்பதில் பாதி இந்த மோதல்தான்.

சந்தேகம் இருந்தால் ஒரு கீயை மெல்ல அமுக்கி அப்படியே பிடித்துக்கொள்ளுங்கள். வண்டி ஏறக்குறைய அசையாது. விட்டால்தான் நகரும். ஆங்கில மெஷினில் எழுத்தின் அளவு பெரிய வகை என்றால் அங்குலத்துக்கு 10 எழுத்து, சிறியது என்றால் 12. பல்லின் கணக்கு அது. 'ர'வுக்கும் 'ண'வுக்கும் ஒரே இடம்தான் தரும், சக்கரத்துக்குத் தமிழ் தெரியாது.

இப்போது உங்கள் முதல் கோளாறு. அது கோளாறே இல்லை. யாராவது பழுது பார்க்கிறேன் என்று அந்தக் கம்பியை வளைக்க வந்தால் கையைப் பிடித்து நிறுத்துங்கள்! புள்ளிக்கும் மேல்விலங்குக்கும் உள்ள கம்பியை உயர்த்தி, மற்றக் கம்பியோடு வைத்துப் பாருங்கள். குதிகால் பகுதி வெட்டப்பட்டிருக்கும். பொதுச் சட்டத்தை அது இடிக்கவே கூடாது என்பதற்காக ஆலையிலேயே அப்படிச் செய்வார்கள். நகரா விசை என்று பெயர்.

இரண்டாவது, வில் தளர்ந்த கேஸ். வண்டி வலது ஓரத்தில் இருக்கும்போது வில் முழுதாக முறுக்கேறி இருக்கும். இடது பக்கம் வர வர முறுக்கு இறங்கும். ஆக இழுவை குறைவாக இருப்பது வரியின் கடைசியில்தான். எழுத்து அங்கே ஏறிக்கொள்வது அதனால். பட்டை நைந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நைந்திருந்தால் தூண்டில்காரர்கள் வாங்கும் பின்னல் கயிறு போதும். பிடோக் படகுத்துறைப் பக்கம் மீன் பிடிக்கிறவர் யாரைக் கேட்டாலும் கடையைச் சொல்வார். பட்டை நன்றாக இருந்தால் டப்பியை ஒரு சுற்று, மிஞ்சினால் இரண்டு சுற்று கூடுதலாக முறுக்கினால் சரியாகிவிடும். அதிகம் முறுக்காதீர்கள். கீ கனக்கும், எழுத்து தாண்டித் தாண்டி விழும்.

ஒன்று மட்டும். பட்டையைக் கழற்றும்போது டப்பியை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டே கழற்றுங்கள். நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வாரம், ஷென்டன் வேயில் ஒரு அலுவலகத்தில், குமாஸ்தாக்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, பிடியை விட்டுவிட்டேன். டப்பி கிர்ரென்று சுற்றி, பட்டையின் கொக்கி விரல் முட்டியைக் கிழித்து, வில் உள்ளே கழன்று போனது. முதலாளி என் காயத்தைப் பார்க்கவில்லை, டப்பியைத்தான் பார்த்தார். அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

அப்புறம் அந்த எண்ணெய்! ஏன் தம்பி? எழுத்துக் கம்பிகள் எல்லாம் உட்கார்ந்திருக்கும் அரை வட்டப் பள்ளத்தில் ஒரு சொட்டுக்கூட விடக் கூடாது. நம் ஊர் ஈரப்பதத்தில் தூசியும் எண்ணெயும் சேர்ந்து இரண்டே மாதத்தில் பசையாகிவிடும். மருந்துக் கடையில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் வாங்கி, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் அந்தப் பள்ளங்களைத் தேய்த்துக் கழுவுங்கள். கறுப்புப் பெயின்ட் மேல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தட்டெழுத்து அக்கா எழுதியது:

மெக்கானிக் ஐயா எல்லாம் சொல்லிவிட்டார். அடிக்கிற பக்கத்தை நான் சொல்கிறேன். தமிழ் டைப் அடித்தே பதினோரு வருடம் சம்பளம் வாங்கியவள்.

தம்பி, நீங்கள் கையால் எழுதுகிற வரிசையில் அடிக்கிறீர்கள், அதனால்தான் குழப்பம். 'க்' வேண்டும் என்றால் முதலில் புள்ளி, அப்புறம் க. புள்ளி விழும், வண்டி காத்திருக்கும், அதே இடத்தில் புள்ளிக்குக் கீழே க வந்து உட்காரும், அதற்குப் பிறகு வண்டி நகரும். மேல்விலங்கும் அப்படித்தான். ஒற்றைக்கொம்பும் (ெ) காலும் (ா) தங்களுக்கென்று தனி இடம் எடுத்துக்கொள்கிறவை, அவற்றை எழுதுகிற வரிசையிலேயே அடிக்கலாம். "வணக்கம்" என்பதை வ, ண, புள்ளி, க, க, புள்ளி, ம என்று விரல் ஓட்ட வேண்டும். முதல் ஒரு வாரம் பைத்தியம் பிடிக்கும். பிறகு கணினிக்கு மாறினால் மறுபடியும் பிடிக்கும். எனக்குப் பிடித்தது, புள்ளியை முன்னால் போட்டுவிட்டு எழுத்தைத் தேடுவேன்.

இந்த ஏற்பாட்டைத் தமிழுக்குக் கொண்டு வந்தவர் ரா. முத்தையா. 1886இல் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர், பிழைக்க வந்தது மலாயாவுக்கு, குமாஸ்தா வேலை பார்த்தது நம் சிங்கப்பூரில். ஆங்கில மெஷின்கள் நடுவே உட்கார்ந்திருந்தவருக்கு, 247 எழுத்தை நாற்பத்துச் சொச்சம் கீயில் எப்படி அடக்குவது என்பதுதான் பிரச்சினை. ஆங்கிலத்தில் ஷிப்ட் என்பது பெரிய எழுத்துக்கு. நமக்கு அந்தப் பேதமே கிடையாது, அதனால் ஷிப்டின் மேல் வரிசை முழுக்க வேறு எழுத்துகளுக்குக் கிடைத்தது. மிச்சத்தை நகரா விசை பார்த்துக்கொண்டது. மெஷினை ஜெர்மனியில் சைடல் அண்ட் நௌமன் ஆலையில் செய்வித்தார். அவருடைய 'பிஜோ' என்ற சின்ன மெஷினைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள்.

உங்கள் தாத்தாவின் மெஷினில் 'லை', 'ணை' எழுத்துகளுக்கு யானைத் துதிக்கை மாதிரி மேலே சுழிக்கிற பழைய குறி இருக்கிறதா? தமிழ்நாட்டு அரசு அதை நீக்கிய சீர்திருத்த எழுத்துக்கு ஆணை போட்டது 1978இல். துதிக்கை இருந்தால் வயது ஓரளவு புரியும்.

இன்னொன்று, கீயை அமுக்காதீர்கள், தட்டுங்கள். சூடான தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்துப் பார்ப்போமே, விரல் அப்படிப் பட்டு வர வேண்டும். விரல் தங்கினால் அடுத்த கம்பி வந்து இடித்து இரண்டும் சிக்கிக்கொள்ளும்.

கோப்பி ஓ எழுதியது:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். ஐயா, அந்தக் காலத்து முதல் மெஷின்களிலும் இதே ஏற்பாடுதானா? அடிக்கிற எழுத்தைக் கண்ணால் பார்க்கவே முடியாது என்று எங்கேயோ படித்தேன், நம்பும்படி இல்லை.

பழைய மெக்கானிக் எழுதியது:

நம்புங்கள். ஷோல்ஸும் கிளிடனும் அமெரிக்காவின் மில்வாக்கியில் உருவாக்கியதை ரெமிங்டன் ஆலை 1874இல் விற்பனைக்கு விட்டது. அதில் எழுத்துக் கம்பிகள் ஒரு கூடை மாதிரி வட்டமாகத் தொங்கும். தட்டினால் கம்பி கீழேயிருந்து எழும்பி ரோலரின் அடிப்பக்கத்தில் அடிக்கும். தாள் இருப்பது அங்கே, உங்கள் கண் இருப்பது மேலே. என்ன அடித்தோம் என்று பார்க்க வண்டியையே கீல் போட்ட மூடி மாதிரித் தூக்க வேண்டும். இல்லாவிட்டால் இன்னும் சில வரி போனபிறகு தாள் சுற்றி வெளியே வரும்போதுதான் தப்பு தெரியும். அதுவும் ஆங்கிலப் பெரிய எழுத்து (கேப்பிடல்) மட்டும். ரெமிங்டன்காரர்கள் அப்போது தையல் மெஷினும் செய்து வந்தார்கள், அதனால் இதற்கும் தையல் மெஷின் மேசை, காலில் மிதி. வரி முடிந்தால் ஒரு மிதி, வண்டி திரும்பும். சாவி கொடுத்தது அங்கே கால்!

1878இல் வந்த இரண்டாம் மாடலில் ஒரே கம்பியில் இரண்டு எழுத்து வைத்து ஷிப்ட் கொண்டு வந்தார்கள். கண்ணுக்கு முன்னால் எழுத்து விழுவதை ஒழுங்காகச் செய்து காட்டியது 1890களில் வந்த அண்டர்வுட், வாக்னர் என்பவரின் வடிவமைப்பு. கம்பி முன்பக்கமிருந்து ரோலரின் நெற்றியில் அடிக்கும். தம்பியின் தாத்தா மெஷின்வரை எல்லாம் அந்த வம்சம்தான். நான் தொழில் பழகியபோது சிங்கப்பூர் ஆற்றோரம் போட் கீ என்ற இடத்தில் ஒரு கிடங்கில் அண்டர்வுட் 5 ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அதில் பார்த்த நாக்கையும் நட்சத்திரத்தையும் கடைசியாகக் கழற்றிய மெஷினிலும் பார்த்தேன். உருவம் மாறியது, வேலை அதேதான்.

ஈசூன்காரன் எழுதியது:

ஐயா, அக்கா, இருவருக்கும் கும்பிடு. குதிகாலைப் பார்த்தேன். புள்ளிக்கும் மேல்விலங்குக்கும் மட்டும் சீராக வெட்டி, அரம் போட்ட தடம்கூடத் தெரிகிறது. மகன் டார்ச் பிடித்தான். வெட்டில்லாத கம்பியையும் வெட்டுள்ளதையும் மாற்றி மாற்றித் தூக்கி, சட்டம் அசைகிறதா இல்லையா என்று அரை மணி நேரம் விளையாடினான்.

பட்டை நைந்துதான் இருந்தது, பாதி நூல் தொங்கியது. தூண்டில் கயிறு போட்டாயிற்று. டப்பியை மனைவி பிடித்துக்கொண்டாள், தழும்புக் கதையைப் படித்துவிட்டுத்தான் பிடித்தாள். ஒன்றரைச் சுற்று முறுக்கினேன். வரிக் கடைசியில் "வணக்கம்" முழுசாக வருகிறது. ரோலர் ரப்பர் கல்லாக இறுகிவிட்டதால் எழுத்து தாளைக் குத்திவிடுகிறது, பின்னால் இன்னொரு தாள் வைத்து அடிக்கிறேன். அக்கா, துதிக்கை இருக்கிறது! தனிக் கீயாகவே இருக்கிறது.

ஒன்றுதான் மிச்சம். வரி முடிவுக்கு முன் மணி அடிக்க வேண்டும் அல்லவா? அடிக்கவில்லை. தாத்தா மேசையில் அந்தச் சத்தம் கேட்ட ஞாபகம் இருக்கிறது.

பழைய மெக்கானிக் எழுதியது:

மணிக்குப் பக்கத்தில் சுண்டைக்காய் அளவில் ஒரு சுத்தியல் இருக்கும், வண்டியின் ஓர நிறுத்தி அதைத் தூக்கிவிட்டுப் போகும், வரி முடிய ஏழெட்டு எழுத்து இருக்கும்போது. சுத்தியலை விரலால் தூக்கி விடுங்கள். தொப்பென்று விழுந்து மணியைத் தட்ட வேண்டும். மெல்ல இறங்கினால் உங்கள் தையல் மெஷின் எண்ணெய்தான் அங்கேயும் போயிருக்கிறது. அதே ஆல்கஹால், அதே பிரஷ்.