அப்பாவுக்கு முதல்நிலை நுரையீரல் புற்றுநோய்: ஆபரேஷனா, கரண்ட்டா?

கோத்தகிரி மகள்:
அப்பாவுக்கு 72 வயது. டீ ஃபேக்டரியில் இருந்து ஓய்வு பெற்றவர். பல வருஷம் பீடி பிடித்தார், இப்போது விட்டுவிட்டார். இருமல் நிற்கவில்லை என்று கோயம்புத்தூர் கூட்டிப்போனோம். வலது நுரையீரலின் மேல்மடலில் 2.2 செ.மீ. கட்டி, பயாப்சியில் புற்றுநோய்தான். பெட் ஸ்கேனில் வேறெங்கும் பரவல் இல்லை. சர்ஜன் அந்த மடலையே எடுத்துவிடலாம் என்கிறார். ரேடியேஷன் டாக்டர் ஐந்து சிட்டிங்கில் எஸ்பிஆர்டி (கட்டியை மட்டும் துல்லியமாகக் குறிவைத்து அதிக டோஸில் கொடுக்கும் கதிர்சிகிச்சை, அதாவது கரண்ட்) கொடுத்து முடிக்கலாம் என்கிறார். அப்பாவோ வீட்டுப் படியிலேயே பாதியில் நின்று மூச்சு வாங்குகிறார். எதற்குச் சரி சொல்வது?

குன்னூர் தம்பி:
அக்கா, எங்க அம்மாவுக்கு எஸ்பிஆர்டி தான். படுத்திருக்கும்போது உடம்பு அசையாமல் இருக்க அவங்க அளவுக்கே ஒரு மெத்தை செய்தார்கள். மூச்சு விடும்போது கட்டி எவ்வளவு நகர்கிறது என்று சி.டி.யில் பார்த்துக் குறித்துக்கொண்டார்கள். வலியே இல்லை. ஆனால் சில மாதம் கழித்து வறட்டு இருமல், மூச்சுத்திணறல். மலைக்குளிர் என்று விட்டுவிட்டிருப்போம். டாக்டர்தான் ரேடியேஷனால் வந்த அழற்சி என்று கண்டுபிடித்து ஸ்டீராய்டு கொடுத்தார். இதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

ரேடியேஷன் பிரிவில் வேலை பார்ப்பவன்:
அம்மா, உடம்பு தாங்கும் என்றால் இன்றைக்கும் முதல் தேர்வு ஆபரேஷன்தான். மடலோடு நிணநீர்க் கணுக்களையும் எடுத்துச் சோதிக்கலாம். ஸ்கேனில் தெரியாத பரவல் அதில் சில சமயம் அகப்படும். கரண்ட்டில் அந்த வசதி இல்லை. அதனால் கரண்ட் என்று முடிவானால், அதற்கு முன் ஈபஸ் (மூச்சுக்குழாய்க்குள் விடும் அல்ட்ராசவுண்ட் குழாய்) மூலம் கணுவில் ஊசி போட்டுப் பார்ப்பது நல்லதா என்று கேளுங்கள்.

ஆபரேஷன் தாங்காதவர்களுக்கு எஸ்பிஆர்டி நிஜமாகவே நல்ல வழி. 2010-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், 3 ஆண்டு கழித்தும் சுமார் 98 சதவீதம் பேருக்குக் கதிர் பட்ட கட்டி வளரவில்லை. ஆனால் ஐந்தில் ஒருவருக்கு மேல் வேறு இடத்தில் நோய் தலைகாட்டியது. ஆபரேஷன் தாங்கக்கூடியவர்களிடமும் எஸ்பிஆர்டி சமமாக நின்றதாக 2021-ல் ஓர் ஆய்வு வந்தது. ஆனால் நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கி இரண்டு குழுவாகப் பிரித்து ஒப்பிட்டதல்ல அது. நான் அதை வைத்து முடிவெடுக்க மாட்டேன்.

கட்டி எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். பெரிய மூச்சுக்குழாயிலிருந்து 2 செ.மீ.க்குள் இருந்தால் கரண்ட்டின் ஆபத்து கூடும். டோஸைப் பிரித்துக் கொடுக்க வேண்டியிருக்கும். அப்பாவுக்கு பிஎஃப்டி (ஊதவைத்து நுரையீரல் திறனை அளப்பது), டிஎல்சிஓ (நுரையீரலிலிருந்து ரத்தத்துக்கு வாயு எவ்வளவு நன்றாகப் போகிறது என்று அளப்பது) இரண்டும் பார்த்தாச்சா?

கோத்தகிரி மகள்:
பிஎஃப்டி மட்டும் எடுத்தோம் அண்ணா. அப்புறம், ஆறு நிமிஷம் நடக்கவிட்டுப் பார்த்தார்கள், ஆக்சிஜன் நன்றாக இருக்கிறது என்றார்கள்.

ரேடியேஷன் பிரிவில் வேலை பார்ப்பவன்:
அது கீழே, சமதளத்தில் எடுத்த அளவும்மா. கோத்தகிரி உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்குதான். வீடு மலையில், படியேறி வாழவேண்டும் என்பதை இரண்டு டாக்டரிடமும் வாய்விட்டுச் சொல்லுங்கள். டிஎல்சிஓ கேட்டு வாங்குங்கள். மேல்மடல் முழுவதும் போகவேண்டுமா, ஒரு பகுதி எடுத்தால் போதுமா என்று சர்ஜனிடம் கேளுங்கள். கட்டி 2 செ.மீ.யைத் தாண்டியிருப்பதால் முழுமடல் என்றுதான் அநேகமாகச் சொல்வார். இரண்டு டாக்டரும் ஒன்றாக உட்கார்ந்து பேசும் ட்யூமர் போர்டில் அப்பா ஃபைலை வைக்கச் சொல்லுங்கள். முதல்வர் காப்பீட்டு அட்டை இருந்தால் கையோடு கொண்டுபோங்கள்.