புளியரையில் ஒரு சாரல் காலை

குற்றாலத்தில் சாரல் பிடித்துவிட்டால் எங்கள் மூவருக்கும் ஞாயிற்றுக்கிழமை கேரள எல்லையை ஒட்டிய புளியரையில்தான் விடியும். என் மாருதி 800, கடையநல்லூர் நண்பரின் பிரீமியர் பத்மினி கார், செங்கோட்டை அண்ணாச்சியின் 1984-ஆம் ஆண்டு அம்பாசிடர் மூன்றும் டீக்கடை வாசலில் வரிசையாக நனைந்துகொண்டு நிற்கும். வைக்கோல் லாரிகள் மூச்சிரைக்க மலையேறிப் போகும்.

பேச்சு கார்புரேட்டரில்தான் தொடங்கும். பத்து நிமிடம்கூடத் தாங்காது. அன்றும் பழம்பொரிக்குத் தாவிவிட்டது. "பஜ்ஜிக்குச் சட்னி வேண்டும், பழம்பொரிக்கு எதுவும் வேண்டாம்" என்றார் பத்மினிக்காரர். எனக்கு வாழைக்காய் பஜ்ஜிதான் பெரிது, விட்டுக்கொடுக்கவில்லை. அங்கிருந்து பரோட்டா. "பிரானூர் பார்டர் பரோட்டா என்கிறோமே, பார்டர் மேலே கோட்டைவாசலில் அல்லவா இருக்கிறது?" என்று அவர் கேட்டதும் அண்ணாச்சியே யோசனையில் ஆழ்ந்துவிட்டார்.

பதில் பக்கத்து பெஞ்சிலிருந்து வந்தது. "செங்கோட்டை அன்றைக்கு எங்கள் பக்கம், மோனே. 1956 நவம்பர் 1-ஆம் தேதிதான் உங்களிடம் வந்தது. அதுவரை எல்லை பிரானூரில்தான்."

மடித்துக் கட்டிய வெள்ளை வேட்டி, கையில் குடை; எழுபது வயதிருக்கும். புனலூர்க்காரர், பஸ்ஸுக்குக் காத்திருந்தார். கண் மட்டும் அம்பாசிடரை விட்டு நகரவில்லை. "உட்கார்ந்து பாருங்கள், சேட்டா" என்று அண்ணாச்சி சாவியை நீட்டினார்.

உட்கார்ந்தவர் விளக்கைப் போட்டார். குனிந்து பார்க்கவில்லை, இடது கால் தானாகக் கிளட்சைத் தாண்டிப் போய்த் தரையிலிருந்த பொத்தானை மிதித்தது. கடைச் சுவரில் மேலே விழுந்த வெளிச்சம் சட்டென்று கீழே இறங்கியது. டிப்பர் ஸ்விட்ச் காலடியில் இருப்பது இன்றைய பிள்ளைகள் பலருக்குத் தெரியாது. அவர் இன்னொரு முறை மிதித்தார், வெறும் ஆசைக்காக.

முப்பது வருடம் டாக்ஸி ஓட்டியவராம். அகலப்பாதை வேலைக்காக 2010-இல் செங்கோட்டை, புனலூர் ரயில் நின்றபோது, "பாதி ரயில் என் காரில்தான் ஏறியது" என்றார். 2018-இல் ரயில் முழுப் பாதையிலும் திரும்பியது. அந்த வருடமே வண்டியை விற்றுவிட்டாராம். அதைச் சொல்லும்போது மட்டும் குரல் தாழ்ந்தது.

கோட்டைவாசல் வரை அவரே ஓட்டினார். நாங்கள் மூவரும் உள்ளே. அண்ணாச்சி இரண்டாவது கியருக்கு மாற்றினால் எப்போதும் ஒரு கரகரப்பு கேட்கும். சேட்டன் கையில் அது கேட்கவேயில்லை. ஸ்டியரிங் தண்டில் இருக்கும் கியர்க்கம்பியை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, ஒரு மூச்சு விடும் நேரம் அப்படியே நிறுத்தி, பிறகு இரண்டு விரலால் தள்ளினார். "பிடித்து இழுக்காதீர்கள், அதுவே போகும்."

இறங்கியதும் எங்கள் எல்லோருக்கும் பழம்பொரி வாங்கிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினார். நானும் இரண்டு சாப்பிட்டேன்; நன்றாகவே இருந்தது. திரும்பும்போது அண்ணாச்சி பேசவே இல்லை. ஒவ்வொரு கியருக்கும் ஒரு மூச்சு நிறுத்தினார். செங்கோட்டை வரை ஒரு கரகரப்புகூடக் கேட்கவில்லை.